சைக்கிள் ரிம்மும் வால்வும்: சக்கரத்தை வால்வு ஓட்டையிலிருந்து படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சைக்கிள் சக்கரத்தை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று யார் கேட்டாலும் நான் வால்வு ஓட்டையைத்தான் காட்டுவேன். ரிம்மை வளைத்து இணைத்த இடம், போக்ஸ் கம்பி கோக்கத் தொடங்கும் இடம், சக்கரத்தின் நடு உருளையான ஹப்பில் எழுத்து இருக்க வேண்டிய பக்கம், டயரில் கம்பெனிப் பெயர் நிற்க வேண்டிய இடம், டயரைக் கடைசியாக உள்ளே தள்ளும் இடம், இத்தனையும் அந்த ஒரு ஓட்டையை வைத்துத்தான் முடிவாகிறது. வால்வு நேராக நிற்கிறதா இல்லையா என்பதை ஓர் அழகுச் சமாச்சாரமாக நினைத்து விட்டுவிடுகிறவர்கள் அதிகம். ஆனால் ஒட்டவே முடியாத பஞ்சர் ஒன்று உண்டென்றால் அது வால்வின் அடியில் ட்யூப் கிழிவதுதான், அதற்குச் சாய்ந்த வால்வு ஒரு முக்கியமான காரணம். அதனால் இதைப் பொறுமையாக, முதலிலிருந்து பார்ப்போம்.

ரிம் எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது

சென்னையில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும் சைக்கிள்களில் மூன்று விதமான ரிம்மைப் பார்க்கலாம். 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய காலத்திலிருந்து நம் ஊருக்குப் பழக்கமான பெரிய கறுப்பு சைக்கிள், அதாவது தண்ணீர்க் குடம், பால் கேன், இளநீர்க் குலை எதையும் தாங்கும் அந்த வண்டி, அதில் இருப்பது வெஸ்ட்வுட் ரிம். இரண்டு ஓரமும் குழாய் போல உருண்டிருக்கும், நடுவில் ஒரு மேடு, அந்த மேட்டில் நிப்பிள்கள், அதாவது கம்பியை ரிம்மோடு பிடிக்கும் குட்டி நட்டுகள், உட்காரும். ஓரம் உருண்டை என்பதால் பக்கவாட்டில் பிரேக் கட்டை பிடிக்க இடமே கிடையாது. அதனால்தான் அந்த வண்டியில் கம்பி பிரேக் கீழிருந்து மேலே இழுத்து, ரிம்மின் உள்பக்கத்தில், அதாவது ஹப்பைப் பார்த்த பக்கத்தில் கட்டையை அழுத்துகிறது. முன் சக்கரத்தில் 32 கம்பி, பின் சக்கரத்தில் 40 கம்பி என்பது இந்த வண்டிகளின் பழைய கணக்கு. பாரம் பின்னால்தான் ஏறுகிறது, கம்பியும் அங்கேதான் அதிகம்.

இரண்டாவது, ஒற்றைச் சுவர் ரிம். இரும்பிலோ அலுமினியத்திலோ வரும். வெட்டிப் பார்த்தால் ஆங்கில யு எழுத்து மாதிரி இருக்கும். நிப்பிளின் தலை நேராக ட்யூப்புக்குக் கீழேயே இருக்கும், நடுவில் ஒரு மெல்லிய ரப்பர் பட்டை மட்டும். கம்பி கொஞ்சம் நீளமாகிப்போனால் அதன் முனை நிப்பிளைத் தாண்டி எட்டிப் பார்க்கும், ஒருநாள் ட்யூப்பைக் குத்தும்.

மூன்றாவது, இரட்டைச் சுவர் ரிம். யு வடிவத்துக்கு நடுவில் ஒரு குறுக்குச் சுவர் போட்டு, கீழே ஒரு மூடிய பெட்டி போல ஆக்கியிருப்பார்கள். நிப்பிள் உள்சுவரில் உட்காரும், ட்யூப் பக்கத்துச் சுவரில் நிப்பிளை நுழைக்க வசதியாகப் பெரிய ஓட்டைகள் இருக்கும். மெட்ரோ வேலைக்காகத் தோண்டி மூடிய ரோடுகளில் தினம் ஓட்டுகிறவருக்கு இதுதான் சரி. அந்தப் பெட்டி வடிவம் இல்லாத ரிம் ஒரு நல்ல பள்ளத்தில் விழுந்தாலே ஓரம் நசுங்கிவிடும். ஆனால் ஒன்று: இதில் ட்யூப் பக்கம் இருக்கும் ஓட்டைகள் பெரியவை என்பதால், மெல்லிய ரப்பர் பட்டை போட்டு அதிகக் காற்று அடித்தால் ட்யூப் அந்த ஓட்டைக்குள் பிதுங்கி வெடிக்கும். துணி டேப் போடுங்கள், அல்லது கெட்டியான பிளாஸ்டிக் டேப். விலை கொஞ்சம்தான், இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

சரி, இப்போது இணைப்பு. அலுமினியத்தை அச்சு வழியாகத் தள்ளி நீளமான பட்டையாக எடுத்து, சுருளாக வளைத்து, ஒரு சுற்று அளவுக்கு வெட்டி, இரண்டு முனையையும் சேர்க்கிறார்கள். உள்ளே ஒரு துண்டைச் செருகி இறுக்கலாம், அல்லது வெல்டு செய்து மேலே கடைந்து சமப்படுத்தலாம். எப்படிச் செய்தாலும் அந்த இணைப்பு ஒரு பலவீனமான இடம். வால்வு ஓட்டையும் பலவீனமான இடம், ஏனென்றால் ரிம்மில் இருக்கும் ஓட்டைகளிலேயே அதுதான் இரண்டு சுவரையும் முழுசாகத் துளைத்துக்கொண்டு போகிற பெரிய ஓட்டை. இரண்டு பலவீனத்தையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்பதால் வால்வு ஓட்டைக்கு நேர் எதிரே, பாதிச் சுற்றில் இணைப்பை வைக்கிறார்கள். இணைப்பில் செருகிய துண்டின் எடையும் இந்தப் பக்கம் வால்வின் எடையும் ஓரளவு சமன் ஆகிக்கொள்கின்றன.

இது தெரிந்திருந்தால் ஒரு பயன் உண்டு. பிரேக் பிடிக்கும்போது சுற்றுக்கு ஒருமுறை "டக் டக்" என்று இடிக்கிறதா? இடிக்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். கோடு வால்வுக்கு நேர் எதிரே வந்தால் அது இணைப்பு மேடு. பிரேக் படும் பரப்பை மட்டும் நைஸ் உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்தால் போதும். வேறு எங்காவது வந்தால் அது பள்ளத்தில் விழுந்து நசுங்கிய இடம், அல்லது பெண்டு. பெண்டு என்றால் கம்பியை இறுக்கித் தளர்த்தி எடுத்துவிடலாம். ஓரம் நசுங்கி வெளியே பிதுங்கியிருந்தால் கம்பியால் ஒன்றும் ஆகாது.

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டால் வால்வு கீழே வந்து நிற்கும், சில சமயம் கம்பியில் மாட்டிய ரிஃப்ளெக்டர் கீழே வரும். இதைப் பார்த்துச் சக்கரம் பழுது என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. பழுது இல்லை, அந்தப் பக்கம் சில கிராம் எடை கூடுதல், அவ்வளவுதான். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் பெரிய சக்கரம் நொடிக்குச் சுமார் இரண்டரை சுற்றுத்தான் சுற்றுகிறது, அதில் இந்த எடை உங்கள் கைக்குத் தெரியாது.

சைஸ்: இன்ச்சை நம்பாதீர்கள்

டயரின் பக்கவாட்டில் 37-622, 40-635 என்கிற மாதிரி இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். இந்த இரண்டாவது எண்தான் உங்கள் ரிம். பெரிய கறுப்பு சைக்கிளின் 28 × 1½ என்பது 635. ரோட் பைக், ஹைப்ரிட், 29 இன்ச் எம்.டி.பி. (மவுன்டன் பைக்) எல்லாம் 622. 27.5 இன்ச் என்பது 584.

குழப்பம் முழுக்க 26 இன்ச்சில்தான். எம்.டி.பி.யில் போடும் 26 × 1.95 என்பது 559. லேடீஸ் சைக்கிளிலும் பழைய எஸ்.எல்.ஆர். வண்டிகளிலும் வரும் 26 × 1⅜ என்பது 590. இரண்டுக்கும் நடுவே 31 மில்லிமீட்டர் வித்தியாசம், ஒன்றின் டயர் மற்றொன்றுக்குப் பொருந்தவே பொருந்தாது. கடையில் "26 இன்ச் டயர் குடுங்க" என்று மட்டும் கேட்டு வாங்கி வந்தால் திரும்பவும் ஒரு நடை போக வேண்டியிருக்கும். பழைய டயரில் இருக்கும் எண்ணைப் போனில் படம் எடுத்துக் காட்டுங்கள்.

வால்வு வகையும் ஓட்டை அளவும்

நம் ஊரில் மூன்று வால்வுகள். சாதா சைக்கிளில் டன்லப் வால்வு, அதாவது வால் டியூப் போட்டது. உள்ளே ஒரு சிறிய உலோகத் தண்டு, அதன் பக்கவாட்டில் ஓர் ஓட்டை, அதன் மேல் மெல்லிய ரப்பர் குழாய். அடிக்கும் காற்று ரப்பரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும், உள்ளே இருக்கும் காற்று அதே ரப்பரை அழுத்தி மூடிவிடும். எளிய, அருமையான ஏற்பாடு. சென்னை வெயிலில் அந்த ரப்பர் ஒட்டிப்போகும், வெடிக்கும். காற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் டயரைக் கழற்றுவதற்கு முன் இதை மாற்றிப் பாருங்கள்.

இரண்டாவது ஷ்ரேடர், மோட்டார் சைக்கிளிலும் காரிலும் இருப்பது. டன்லப்புக்கும் ஷ்ரேடருக்கும் ரிம்மில் ஓட்டை ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர். மூன்றாவது பிரெஸ்டா, ரோட் பைக்கில் வரும் ஒல்லி வால்வு. தண்டு 6 மில்லிமீட்டர், ஓட்டை 6.5. இதன் நுனியில் இருக்கும் குட்டி நட்டைத் தளர்த்தி, ஒருமுறை விரலால் தட்டி, அப்புறம்தான் காற்று அடிக்க வேண்டும்.

ஏன் ரோட் பைக்கில் ஒல்லி வால்வு என்றால், ரிம்மின் உள் அகலமே 15 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதில் 8.5 மில்லிமீட்டர் ஓட்டை போடுவது பாதிக்கு மேல் தின்றுவிடும். அதோடு ஷ்ரேடரின் தடித்த அடிப்பகுதி டயரின் இரண்டு ஓரங்களையும் சரியாக உட்கார விடாது. எம்.டி.பி. போன்ற அகல ரிம்மில் இந்தக் கவலை இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஷ்ரேடர் ஓட்டையில் பிரெஸ்டா ட்யூப்பை அப்படியே போடாதீர்கள். சுற்றிலும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி விழும், வால்வு ஆடும், ட்யூப் அந்த இடைவெளிக்குள் பிதுங்கி ஓட்டையின் விளிம்பில் அறுபடும். இதற்கென்றே சிறிய ரப்பர் வளையம் கிடைக்கிறது, அதைப் போட்ட பிறகுதான் போட வேண்டும். மறுபக்கம், பிரெஸ்டா ஓட்டையை டிரில் செய்து பெரிதாக்கும் வேலையை ஒல்லி ரிம்மில் யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

வால்வின் நீளமும் ரிம்மின் ஆழத்தைப் பொறுத்தது. வெளியே குறைந்தது 15 மில்லிமீட்டராவது நீட்டிக்கொண்டிருந்தால்தான் பம்ப் தலை பிடிக்கும். 30 மில்லிமீட்டர் ஆழ ரிம்முக்கு 48 மில்லிமீட்டர் வால்வு, 50-க்கு 80 என்று வாங்கினால் சிரமம் இருக்காது.

பெட்ரோல் பங்க் காற்று ஷ்ரேடருக்கு மட்டும்தான் நேராகப் பொருந்தும், மற்ற இரண்டுக்கும் சின்ன பித்தளை அடாப்டர் வேண்டும். அடாப்டர் இருந்தாலும் அந்தக் கம்ப்ரஸரில் ஒல்லி டயருக்கு அடிப்பதை நான் விரும்பமாட்டேன். சைக்கிள் ட்யூப்பில் இடம் குறைவு, கண்ணிமைக்கும் நேரத்தில் அளவு தாண்டிவிடும்.

கம்பி கோர்ப்பில் வால்வின் இடம்

சக்கரத்தைப் பக்கத்திலிருந்து பாருங்கள். வால்வின் இரண்டு பக்கமும் இருக்கும் கம்பிகள் ஏறத்தாழ இணையாக மேலே போக வேண்டும், அப்போதுதான் நடுவில் பம்ப் தலை நுழைய இடம் இருக்கும். வால்வுக்கு மேலேயே இரண்டு கம்பி குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் முதல் கம்பியை ஓர் ஓட்டை தள்ளிக் கோத்துவிட்டார்கள் என்று அர்த்தம். சக்கரம் ஓடும், பலத்திலும் பெரிய குறை வராது, ஆனால் ஒவ்வொரு முறை காற்றடிக்கும்போதும் பம்ப்பை நுழைக்க மல்லுக்கட்ட வேண்டும், அந்த மல்லுக்கட்டில் வால்வைத்தான் சாய்ப்பீர்கள். சரிசெய்ய வேண்டுமென்றால் முழுக்கப் பிரித்துக் கோக்க வேண்டும். அதனால் ரிம் மாற்றக் கொடுக்கும்போதே, "அண்ணே, வால்வு மேல கம்பி குறுக்க வராம கோத்துக் குடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நல்ல கை உள்ளவர் என்றால் சொல்லாமலே செய்வார். வால்வு ஓட்டை வழியாகக் கண்ணை வைத்துப் பார்த்தால் ஹப்பில் இருக்கும் எழுத்து தெரிகிற மாதிரியும் வைத்துக் கொடுப்பார். அந்த எழுத்தால் வண்டிக்கு ஒரு லாபமும் இல்லை, ஆனால் கோத்தவரின் அக்கறை அதில் தெரியும்.

மாட்டும் வரிசை

இதுதான் முக்கியமான பகுதி, அவசரப்படாதீர்கள்.

முதலில் டயரையும் ட்யூப்பையும் முழுக்கக் கழற்றிவிட்டு வால்வு ஓட்டையின் விளிம்பை விரல் நுனியால் மெதுவாகத் தடவுங்கள். சுருக்கென்று ஏதாவது தட்டுப்பட்டால் அது ஓட்டை போட்டபோது விட்ட பிசிறு. உருண்டை அரத்தாலோ சுருட்டிய உப்புத்தாளாலோ அதை எடுத்துவிடுங்கள். ஒற்றைச் சுவர் ரிம் என்றால் எட்டிப் பார்க்கும் கம்பி முனைகளையும் இப்போதே ராவிவிடலாம். அடுத்தது ரிம் டேப். டேப்பில் இருக்கும் வால்வு ஓட்டையை ரிம் ஓட்டைக்கு நேராக வைத்து, வால்வையோ ஒரு பேனாவையோ நுழைத்துப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு போங்கள். டேப் ஓட்டை ஒரு சில மில்லிமீட்டர் நகர்ந்தாலும் வால்வு சாயும்.

அப்புறம் டயர். பக்கவாட்டில் சுற்றும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால் அதைப் பாருங்கள். செயின் இருக்கும் பக்கம் டயரின் பெயர் வால்வு ஓட்டைக்கு நேராக வருகிற மாதிரி வைத்து, டயரின் ஓர் ஓரத்தை மட்டும் முழுச் சுற்றும் ரிம்முக்குள் ஏற்றுங்கள். ட்யூப்புக்கு இரண்டு மூன்று அடி காற்று கொடுங்கள், உருவம் வந்தால் போதும், விறைக்கக் கூடாது. கொஞ்சம் பவுடர் தடவினால் நல்லது, நம் ஊர்ச் சூட்டில் ட்யூப் டயரோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கும். வால்வை ஓட்டையில் நேராக நுழைத்து, நட்டை இரண்டு சுற்று மட்டும் சுற்றி விடுங்கள், இறுக்காதீர்கள்.

ட்யூப்பை முறுக்கு இல்லாமல் உள்ளே வைத்த பிறகு, டயரின் இரண்டாவது ஓரத்தை வால்வுக்கு நேர் எதிரே தொடங்கி, இரண்டு கையாலும் இரண்டு பக்கமும் ஏற்றிக்கொண்டே வந்து, வால்வில் முடியுங்கள். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது, டயரின் ஓரம் அந்தப் பள்ளத்தில் இறங்கினால்தான் கடைசித் துண்டை ஏற்றத் தேவையான தளர்வு கிடைக்கும். வால்வு இருக்கும் இடத்தில் அதன் தடித்த அடிப்பகுதி பள்ளத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் அங்கே ஓரம் இறங்காது. அதனால் மற்ற எல்லா இடத்திலும் ஓரத்தைப் பள்ளத்துக்குள் தள்ளிவிட்டு, வால்வைக் கடைசியாக வைத்துக்கொண்டால் பெரும்பாலான டயர்கள் வெறும் கட்டைவிரலாலேயே ஏறும். ஸ்குரூ டிரைவரைப் போட்டு நெம்பினால் புது ட்யூப் போட்ட அன்றே ஓட்டை விழும்.

ஏற்றி முடித்ததும் வால்வை விரலால் மேலே, டயருக்குள் தள்ளுங்கள். அடிப்பகுதி டயரின் ஓரத்துக்கடியில் சிக்கியிருந்தால் இப்போது விடுபடும். பிறகு கீழே இழுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் டயரை விலக்கி விலக்கி ஒரு சுற்றுப் பாருங்கள், ட்யூப் எங்கும் எட்டிப் பார்க்கக் கூடாது. பாதிக் காற்று அடித்துவிட்டு நிறுத்துங்கள். டயரின் ஓரத்தில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு ஓடும், அது எல்லா இடத்திலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். வால்வு ஹப்பைப் பார்த்து நேராக நிற்க வேண்டும். இரண்டும் சரி என்றால் முழுக் காற்று, டயரில் அச்சிட்டிருக்கும் அளவுக்குள். கடைசியில் நட்டை விரலால் மட்டும் இறுக்குங்கள். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் வால்வின் அடி ரிம்மின் விளிம்போடு அழுந்தி, நாளடைவில் அங்கேயே வெட்டு விழும்.

ஓட்டும்போது வால்வு சாய்ந்துபோனால்

பெரும்பாலும் காரணம் காற்றுக் குறைவு. காற்று இல்லாத டயர் ரிம்மை இறுகப் பிடிக்காது. சிக்னலில் சட்டென்று பிரேக் அடிக்கும்போதெல்லாம் டயர் ரிம்மின் மேல் கொஞ்சம் நகரும், ட்யூப்பையும் கூடவே இழுக்கும், வால்வுத் தண்டு மட்டும் ஓட்டையில் மாட்டிக்கொண்டு நிற்கும். சாய்வைப் பார்த்ததும் வால்வைப் பிடித்து வளைத்து நேராக்காதீர்கள். காற்றை முழுக்க இறக்கி, நட்டைத் தளர்த்தி, டயரின் இரண்டு ஓரத்தையும் சுற்றிலும் அழுத்திப் பள்ளத்துக்குள் விடுங்கள். பிறகு டயரை இரண்டு கையாலும் பிடித்து, வால்வு நேராகும் திசையில் ட்யூப்போடு சேர்த்து மொத்தமாக நகர்த்துங்கள். நகரவில்லை என்றால் ஓர் ஓரத்தைக் கழற்றி, ட்யூப்பை எடுத்து, திரும்ப வைப்பதுதான் வழி.

பஞ்சர் தேடும்போது

டயர் பெயரை வால்வுக்கு நேராக வைக்கச் சொன்னது இதற்காகத்தான். ட்யூப்பில் ஓட்டை வால்விலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்தால், டயரிலும் பெயரிலிருந்து அதே ஒரு முழம் தள்ளித் தேடினால் போதும். கழற்றும்போதே ட்யூப்பின் செயின் பக்கத்தில் பேனாவால் ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வலமா இடமா என்று இரண்டு இடத்தில் தேட வேண்டிவரும். ஈ.சி.ஆர். ஓரத்தில் கிடக்கும் லாரி டயர்க் கம்பித் துணுக்கு தலைமுடி அளவுதான் இருக்கும், புறநகரில் கருவேல முள் டயருக்குள் உடைந்து நிற்கும்; வெறும் கண்ணுக்கு இரண்டுமே படாது. பழைய பனியன் துணியை அந்த இடத்தில் உள்பக்கம் இழுத்துப் பாருங்கள், நூல் மாட்டிக்கொள்ளும்.

ஓட்டையின் இடமே காரணத்தையும் சொல்லும். பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் காற்றுக் குறைவாகப் பள்ளத்தில் விட்டிருக்கிறீர்கள். ட்யூப்பின் உள்பக்கத்தில், ரிம்மைப் பார்த்த பக்கத்தில் என்றால் ரிம் டேப்போ கம்பி முனையோ. வால்வின் அடியில் என்றால் பிசிறு, அதிகமாக இறுக்கிய நட்டு, அல்லது சாய்வு, இந்த மூன்றில் ஒன்று.

வெயில், உப்புக்காற்று, மழை

வெயிலில் நிறுத்தினால் டயர் வெடிக்கும் என்ற பயம் நம் ஊரில் பலருக்கு இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், 80 பி.எஸ்.ஐ. காற்று உள்ள டயரின் சூடு 20 டிகிரி ஏறினால் காற்றழுத்தம் சுமார் 6 பி.எஸ்.ஐ. கூடும். நல்ல டயர் அதற்கெல்லாம் வெடிக்காது. நிழலில் நின்றிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும் கோளாறு, அதாவது ஓரத்தில் மாட்டிய ட்யூப், ரிம்மில் சரியாக உட்காராத டயர், அந்த 6 பி.எஸ்.ஐ.யில் வெளியே வந்துவிடுகிறது.

பெசன்ட் நகர், திருவான்மியூர், காசிமேடு மாதிரி கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ரிம்மைவிட நிப்பிள்தான் முதலில் போகும். உப்புக்காற்றில் பிடித்துக்கொண்ட நிப்பிளைத் திருகினால் கம்பி அறுந்துவிடும், பெண்டு எடுக்க முடியாது. அவ்வப்போது ஒவ்வொரு நிப்பிளிலும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், பிரேக் படும் பரப்பில் மட்டும் பட்டுவிடக் கூடாது.

மழைக்காலத்தில் இரண்டு விஷயம். முலாம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் மிகவும் மோசமாகப் பிடிக்கும், முன்கூட்டியே அழுத்தத் தொடங்குங்கள். அலுமினிய ரிம்மில் பிரேக் பிடிக்கும், ஆனால் சேற்று மணல் கட்டையில் ஒட்டிக்கொண்டு ரிம்மை அரைக்கும். பக்கச்சுவரில் ஸ்கேலை வைத்துப் பார்த்து நடுவில் குழி விழுந்திருந்தால் அந்த ரிம்மின் ஆயுள் முடிந்தது. அப்படி மெலிந்த சுவர் காற்றழுத்தம் தாங்காமல் ஓடும்போதே பிளக்கும்.

வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் முழங்கால் தண்ணீரில் தள்ளிக்கொண்டு வந்த சைக்கிள் என்றால், வால்வு ஓட்டை வழியாகவும் கம்பி ஓட்டைகள் வழியாகவும் தண்ணீர் ரிம்முக்குள் போயிருக்கும். சக்கரத்தைச் சுற்றினால் உள்ளே சலசலவென்று கேட்கும். டயர், ட்யூப், டேப் மூன்றையும் எடுத்துவிட்டு, வால்வு ஓட்டை கீழே வருகிற மாதிரி சக்கரத்தை இரவு முழுக்க நிறுத்தி வையுங்கள், பெரும்பாலும் தண்ணீர் வடிந்துவிடும். இரும்பு ரிம் என்றால் மறுநாள் வால்வு ஓட்டையைச் சுற்றிப் பாருங்கள், துரு முதலில் பிடிப்பது அங்கேதான். மேலோட்டமான துரு என்றால் உப்புத்தாளால் தேய்த்து, கொஞ்சம் பெயின்ட் அடித்து, காய்ந்ததும் புது டேப் போடலாம். ஸ்குரூ டிரைவர் நுனியால் தட்டும்போது துரு செதில் செதிலாக உதிர்ந்தால் ரிம்மை மாற்றுங்கள். ஹப் நன்றாக இருந்தால் அதை வைத்துக்கொண்டு, கம்பியும் நிப்பிளும் மட்டும் புதிதாகப் போட்டுக் கோக்கச் சொன்னால் போதும்.